ஐஇஎல்டிஎஸ்: கிராஃப் தின்னும் நேரம்

ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் எழுதப் போறீங்களா? ரைட்டிங்கில் 60 நிமிஷம், 2 டாஸ்க். முதலாவதுக்குக் குறைந்தது 150 வார்த்தை, இரண்டாவதுக்கு 250. மார்க்கிலும் இரண்டாவதுக்கு இரண்டு மடங்கு மதிப்பு. ஆனா நம்ம ஆளுங்க கிராஃபைப் பார்த்ததும் லேப் ரெக்கார்டு ஞாபகத்தில் ஒவ்வொரு புள்ளியையும் விவரிக்க ஆரம்பிச்சிடுவாங்க. அரை மணி நேரம் காலி, கட்டுரை பாதியில் நிக்கும். யூனிவர்சிட்டி கேட்கிற பேண்டு அங்கேதான் போகுது.

கிராஃபுக்கு 20 நிமிஷம் போதும். பெரிய ஏற்ற இறக்கம், முக்கியமான ஒப்பீடு, மொத்தத்தில் என்ன தெரியுதுன்னு ஒரு பார்வை, அவ்வளவுதான். காரணம் சொல்லவே வேண்டாம், அதை யாரும் கேட்கல.

கட்டுரையில் முதல் 5 நிமிஷம் உங்க நிலைப்பாட்டையும் 2 காரணங்களையும் குறிச்சுக்கோங்க. கடைசி 3 நிமிஷம் ஸ்பெல்லிங் பாருங்க. டாஸ்க் 2-ஐ முதலில் எழுதவும் தடையில்லை. கிராஃபில் மூழ்கிடுற ஆளுன்னா அப்படியே செய்யுங்க.