முன்னறைக்கு ஒரு வாங்கு

"நாளைக்கு எங்க இருப்பமெண்டு தெரியாது, சுவாமி. இதுக்குள்ள என்ன அலங்காரம்?" தற்காலிக வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் நாம் கேட்கும் வார்த்தை இது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களும் சில மாதங்கள்தான் என்று நம்பியே நலன்புரி நிலையங்களுக்கு வந்தார்கள். அங்கேயே பிள்ளைகள் பிறந்து வளர்ந்து மணமும் முடித்தார்கள். இருக்கும் அறையை இன்றே ஒழுங்குபடுத்துவோம்.

10 அடிக்கு 10 அடி முன்னறைக்குச் செற்றி வேண்டாம். இடம் மாறும்போது தூக்க முடியாது. சுவரோரமாக 5 அடி நீளத்தில், 18 அங்குல உயரத்தில் பெட்டி வைத்த வாங்கு ஒன்று போதும். வேப்பம் பலகையானால் நன்று. மேற்பலகை பிணைச்சலில் திறக்கவேண்டும். பகலில் இருக்கை, இரவில் பிள்ளைக்குப் படுக்கை. உள்ளே நடுவில் தடுத்து, ஒரு பக்கம் காய்ந்த விதை. மறு பக்கம் பொலித்தீனில் சுற்றிய காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும். கால்களைக் கல்லின்மேல் நிறுத்துங்கள். கறையான் கல்லிலும் மண்பூசி ஏறும். ஆனால் கண்ணுக்குத் தெரியும், சுரண்டி விடலாம்.

பாய்களைப் பகலில் சுருட்டிக் கட்டித் தொங்கவிடுங்கள்.

சுவரைக் கடைக் கலண்டர்களால் மூடுவது அலங்காரமல்ல. (போன வருடத்துக் கலண்டரைக் கழற்ற நம்மவர்க்கு மனம் வருவதில்லை!) திருவிருதயப் படமோ சுவாமி படமோ ஒன்று, சாயமிட்ட பனையோலைத் தட்டு ஒன்று போதும். மண்சுவர் ஆணியைத் தாங்காது, கப்பில் அடியுங்கள்.

ஒரு வீட்டில், தான் பார்த்தேயிராத ஊர்க் கிணற்றை, ஆச்சி சொல்லச் சொல்லப் பேரன் வரைந்து மாட்டியிருக்கிறான். துலா எந்தப் பக்கம் நின்றது என்பதில் இருவருக்கும் இன்னும் வழக்கு.