இணையக் கருவிகளும் இல்லக் காவலும்

கோட்டையால் பெயர்பெற்ற பாளையங்கோட்டையில் வாழும் நாம் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மதில் எத்துணை உயர்ந்ததாயினும் திட்டிவாயிலின் திறவுகோல் ஊரறிந்ததாயின் யாது பயன்? இக்காலத்து இல்லங்களில் வைஃபையோடு கூடும் காமிரா, தொலைக்காட்சி, மின்விளக்கு ஒவ்வொன்றும் அத்தகைய வாயிலே.

2016ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீநிரல், கருவிகளோடு விற்கப்படும் கடவுச்சொற்களுள் ஏறத்தாழ அறுபதை மாறிமாறி இட்டுப் பார்த்தே இலட்சக்கணக்கான காமிராக்களையும் ரவுட்டர்களையும் வயப்படுத்திற்று. அக்டோபர் 21ஆம் நாள், தளங்களுக்கு முகவரி காட்டும் டைன் என்னும் நிறுவனத்தை அப்படை தாக்க, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலியன அமெரிக்காவில் பலர்க்குச் சில மணி நேரம் கிட்டாவாயின. அதனை இயற்றினோருள் ஒருவர் கல்லூரி மாணவராயிருந்தார் என்பது நம்மனோர் நாணத்தக்கது.

நம் நாட்டிலோ, 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். மோடங்கள் பல இத்தகைய தாக்குதலால் செயலிழந்தன. ‘அட்மின்’ என்னும் சொல்லே பயனர் பெயரும் கடவுச்சொல்லுமாய் மாற்றப்படாது கிடந்தமையே ஏது. அதனை மாற்றுமாறு அந்நிறுவனமே மக்களை வேண்டிக்கொண்டது.

வயப்பட்ட காமிரா வழக்கம்போற் படங்காட்டிக்கொண்டேயிருக்கும்; ஆதலின் உடையவர் அறியார். மிராய் நினைவகத்தில் மட்டுமே தங்குவதாகலின், கருவியை அணைத்து ஏற்ற நீங்கும். கடவுச்சொல் மாறாதாயின் சில நிமிடங்களில் மீண்டும் பற்றும். இனி, ஒரே வலையிலுள்ள கணினிக்கும் அக்கருவி வழியே பகைவர் செல்லக்கூடுமாதலின், ரவுட்டரில் விருந்தினர்க்கென உள்ள தனிவலையில் இவற்றைச் சேர்த்தல் நன்று. புதுப்பிப்பு நின்றுபோன பழங்கருவியை, நன்கு இயங்கினும், இணையத்தினின்று பிரித்துவிடுதலே தகும்.