திருச்சிக்குக் கடனட்டை கொண்டுபோகலாமா?

எல்கடுவையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: கொழும்பில் வேலை செய்யும் மகன் தன்னுடைய கடனட்டைக் கணக்கில் அவருக்கும் ஒரு துணை அட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறார். வைகாசியில் திருச்சி, சமயபுரம், வேளாங்கண்ணி போகிறார்கள். காசைக் கட்டிக்கொண்டு போவதைவிட அட்டை பாதுகாப்பா, இல்லை அதிலும் களவு போகுமா?

அட்டைதான் பாதுகாப்பு, அக்கா. தொலைந்த காசு தொலைந்ததுதான். தொலைந்த அட்டையை வங்கிக்கு அழைத்து உடனே முடக்கலாம். ஆனால் அந்த அழைப்பை எடுக்கக்கூடிய நிலையில் நீங்கள் இருக்க வேண்டும். பயணத்தில் நம்மவர்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் அங்கேதான்.

திருச்சியில் இறங்கியதும் என்ன செய்கிறோம்? உள்ளூர் சிம் வாங்கி, இலங்கைச் சிம்மைக் கழற்றிக் கைப்பையின் மூலையில் போட்டுவிடுகிறோம். வங்கி அனுப்பும் ஒவ்வொரு குறுந்தகவலும் அந்தச் சிம்முக்குத்தான் வரும். அட்டையில் யாராவது கைவைத்தால் எச்சரிக்கை வருவதும் அதற்குத்தான், ஓடிபி வருவதும் அதற்குத்தான். ஆகவே இரண்டு சிம் போடும் தொலைபேசியாக இருக்கட்டும். புறப்படுமுன் ரோமிங் வசதியைத் திறந்துவிடுங்கள். உங்களுடையது துணை அட்டை என்பதால் இன்னொரு சிக்கல் உண்டு. தகவல்கள் உங்கள் இலக்கத்துக்கு வருமா, மகனின் இலக்கத்துக்குப் போகுமா? வங்கியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவருக்குத்தான் போகும் என்றால் பயண நாட்கள் முழுவதும் உங்கள் காவல்காரர் அவர்தான்; நீங்கள் எங்கே, எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று அவ்வப்போது வட்ஸ்அப்பில் சொல்லிவிடுங்கள்.

வங்கியின் இலக்கம் அட்டையின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கிறது. அட்டை களவு போனால் இலக்கமும் சேர்ந்து போய்விடுமே! அதை ஒரு தாளில், முன்னால் நம் நாட்டுக் குறியீடான 94ஐயும் சேர்த்து எழுதி, கடவுச்சீட்டோடு வையுங்கள். பதற்றத்தில் கூகுளில் தேடி முதலில் வரும் இலக்கத்துக்கு அழைக்க வேண்டாம். வங்கியின் பெயரில் போலி இலக்கங்களைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓடிபி, பின் இலக்கம் கேட்பவர் யாராக இருந்தாலும் அவர் வங்கிக்காரர் இல்லை.

போகுமுன் மகனிடம் சொல்லி இரண்டு வேலை செய்விக்க வேண்டும். துணை அட்டைக்குத் தனியாக ஒரு செலவு வரம்பு வைக்கச் சொல்லுங்கள். பயணத்துக்குப் போதுமான தொகை, அதற்குமேல் ஒரு ரூபாவும் வேண்டாம். வெளிநாட்டுப் பாவனையைப் பயண நாட்களுக்கு மட்டும் திறந்து, திரும்பியதும் மூடச் சொல்லுங்கள். பல வங்கிகளின் செயலியிலேயே இதைச் செய்யலாம். விசாவுக்கு இணையத்தில் பணம் கட்டுவதானால் முகவரி ஜிஓவி டொட் இன் என்று முடிகிறதா என்று பாருங்கள். அசலைப் போலவே தோற்றமளிக்கும் போலித் தளங்களைப் பற்றி இந்திய அரசின் விசாத் தளமே எச்சரித்திருக்கிறது.

கடையில் ஒரே விதிதான்: அட்டை உங்கள் கண்ணை விட்டுப் போகக்கூடாது. சாப்பாட்டுக் கடைப் பையன் தட்டில் வைத்து உள்ளே கொண்டுபோனால் நீங்களும் எழுந்து போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. முன்பக்கத்து எண்ணையும் பின்பக்கத்து மூன்று இலக்கத்தையும் படமெடுக்க ஒரு நொடி போதும். ஓடிபி கேட்காத வெளிநாட்டுத் தளங்களில் பொருள் வாங்க அதுவே போதும். சிப் அட்டைதானே என்று இருந்துவிடவும் முடியாது. பிரித்தானியாவில் 2006 மே மாதம் ஷெல் நிறுவனம் ஏறத்தாழ 600 பெற்றோல் நிலையங்களில் சிப்பும் பின் இலக்கமும் வைத்துப் பணம் வாங்குவதையே நிறுத்திவைத்தது. இயந்திரத்துக்குள்ளேயே கைவரிசை காட்டி, பத்து லட்சம் பவுணுக்கு மேல் சுருட்டியிருந்தார்கள். இத்தகைய மோசடிகளில் அட்டையின் காந்தப் பட்டி விவரம் நகலெடுக்கப்பட்டு, சிப் கேட்காத நாடுகளின் ஏடிஎம்களில் பயன்படும். பின் இலக்கம் அழுத்தும்போது மற்றக் கையால் மறைப்பதற்கு இதுதான் காரணம். நகல் கிடைத்தாலும் பின் இலக்கம் தெரியாமல் ஏடிஎம்மில் காசு எடுக்க முடியாது.

ஹுனஸ் நீர்வீழ்ச்சி பார்க்க உங்கள் ஊருக்கு வரும் உறவினருக்கும் ஒன்று சொல்லிவையுங்கள். மலைப்பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வரும். இயந்திரம் சுற்றிக்கொண்டே நின்றுவிட, "போகவில்லை, இன்னொருக்கா போடுவோம்" என்பார் கடைக்காரர். அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் தடவையே பணம் போயிருக்கலாம். குறுந்தகவல் வந்திருக்கிறதா என்று பார்த்து, தோல்வியடைந்ததற்கான பற்றுச்சீட்டையும் வாங்கிக்கொண்டுதான் இரண்டாம் தடவை அட்டையைக் கொடுக்க வேண்டும்.

இந்தியக் கடைகளில் இயந்திரம் "இலங்கை ரூபாவா, இந்திய ரூபாயா" என்று கேட்டால் இந்திய ரூபாயையே தெரிவு செய்யுங்கள். மற்றது களவு அல்ல, ஆனால் மாற்று விகிதத்தில் உங்கள் காசைத்தான் கடிக்கும்.

திரும்பி வந்த பிறகு இரண்டு மாதக் கணக்கறிக்கையை மகனோடு உட்கார்ந்து வரிவரியாகப் பாருங்கள். அட்டை விவரம் திருடியவர்கள் முதலில் நூறு, இருநூறு ரூபாவுக்கு இழுத்துப் பார்ப்பதுண்டு. "சின்னக் காசுதானே" என்று விட்டுவிடாதீர்கள். தெரியாத வரி ஒன்று இருந்தால் அன்றைக்கே வங்கிக்குச் சொல்லி, அழைத்த நேரத்தையும் முறைப்பாட்டு இலக்கத்தையும் குறித்துக்கொண்டு, எழுத்திலும் கொடுங்கள். அட்டை மோசடியைத் தண்டிக்க 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதன மோசடிகள் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி வங்கியோடு பேசவும் உதவும். வங்கி இழுத்தடித்தால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935இல் அழைக்கலாம்.