கடை ஆளை நிறுத்துவதற்கு முன்

கல்லாவில் பணம் குறைகிறது. "நாளையிலிருந்து கடைக்கு வராதே" என்று ஆத்திரத்தில் சொல்லி விடுகிறோம். பொட்டலம் கட்டும் பையனாக வந்து பத்து வருடம் நம்மோடு உழைத்தவர் தலை குனிந்து படியிறங்குகிறார். இரண்டு நாள் கழித்து, லாரி வாடகை கொடுத்ததை நாமே எழுத மறந்தது தெரிய வருகிறது. இப்படி நடந்தால் பிழை யாருடையது?

கோபத்தில் ஆளை நிறுத்தச் சட்டம் இடம் தரவில்லை. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவை வணிகர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். அதன் சாரம் இதுதான்:

1. தொடர்ந்து 6 மாதத்துக்குக் குறையாமல் வேலை செய்தவரைத் தக்க காரணமின்றி நீக்கக் கூடாது.

2. காரணம் இருந்தாலும் 1 மாத முன்னறிவிப்பு, அல்லது அதற்கு ஈடான சம்பளம் கொடுக்க வேண்டும்.

3. திருட்டு போன்ற ஒழுங்கீனம் என்றால் முன்னறிவிப்பு தேவையில்லை. ஆனால் விசாரணை நடத்தி, அதில் பதிவான சாட்சியத்தால் குற்றம் நிரூபணமாக வேண்டும். சந்தேகம் மட்டும் போதாது.

நீக்கப்பட்டவர் 30 நாளுக்குள் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடலாம். அவர் தரும் முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். நீக்கம் செல்லாது என்றானால் இடைக்காலச் சம்பளமும் நம் தலையில் விழக்கூடும். "கடிதம் கொடுத்தா வேலைக்கு வைத்தோம்?" என்று கேட்டுத் தப்ப இயலாது.

நிறுத்தியவருக்குச் சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்த்து விட வேண்டும். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடையில் 5 ஆண்டு தொடர்ந்து பணிபுரிந்தவருக்கு, ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடையும் உண்டு.

நம் உத்திரமேரூருக்கு இந்த நியாயம் புதிதல்ல. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) இருக்கின்றன. வாரியம் செய்வோரிடம் குற்றம் கண்டால் உடனே விலக்க வேண்டும் என்கின்றன அவை. விலக்குவதற்கு முன் குற்றம் காணப்பட வேண்டும் என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே வருகைப் பதிவேடும் சம்பளப் பேரேடும் சரியாக வைப்போம். புகார் எழுந்தால் எழுத்தில் விளக்கம் கேட்போம். அவர் சொல்வதையும் காது கொடுத்துக் கேட்போம். அதன் பிறகு முடிவு செய்வோம். ஆத்திரத்தில் ஆளை நிறுத்தாமல் ஓர் இரவு பொறுப்பது கடைக்கும் நல்லது, அவரை நம்பியிருக்கும் குடும்பத்துக்கும் நல்லது.