பிரேக்கரை இறக்கும் முன்: ட்ரையர் பனலில் நெட்வேர்க் மொடியூல் மாற்றுவது

நெட்வேர்க் மொடியூலைக் கழற்றிவிட்டு இன்னொன்றைப் பூட்டுவது பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிட வேலைக்காக ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்துத் தேயிலை ஸ்டோர்களில் ட்ரையர் நாள்கணக்கில் நின்றுபோவதுண்டு. காரணம் பெரும்பாலும் ஒன்றேதான்: வந்தவர் முதல் வேலையாக பிரேக்கரை இறக்கிவிடுகிறார். கார்டை மாற்றி மறுபடி ஏற்றிப் பார்த்தால் பீ.எல்.சி.க்குள் புரோகிராம் இல்லை. தொட்டியில் கொழுந்து வாடிக்கொண்டிருக்கிறது, டீமேக்கர் பின்னால் வந்து நிற்கிறார். ஆகவே இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி பிரேக்கரைத் தொடுவதற்கு முந்தைய வேலைகளைப் பற்றியது. பனல் வேலை தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். வயரைச் சீவுவது எப்படி என்றெல்லாம் சொல்லப்போவதில்லை.

உதாரணத்துக்கு சீமென்ஸ் எஸ்7-300ஐ எடுத்துக்கொள்கிறேன். சீமென்ஸ் இதை 2023 ஒக்டோபரோடு வழமையான விற்பனையிலிருந்து விலக்கிவிட்டது. உதிரிப்பாகமாக 2033 வரை தருவதாகச் சொல்லியிருக்கிறது. எனவே ஒரு நெட்வேர்க் கார்ட் செத்ததற்காக முழு பனலையும் மாற்றச் சொல்லி ஒருவர் விலை மனுவோடு வந்தால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

வேலை செய்யும் நாளை முதலில் தீர்மானியுங்கள். பெரும்பாலான தோட்டங்களில் ஞாயிற்றுக்கிழமை கொழுந்து எடுப்பதில்லை. சனிக்கிழமைக் கொழுந்து ஞாயிறு காலை ட்ரையரை விட்டு வெளியே வந்ததும் நமக்கு நேரம் கிடைக்கிறது. திங்கள் பின்னேரம் வாட்டும் தொட்டிகளின் ஃபேன் ஓட வேண்டும், செவ்வாய் விடிய ட்ரையர் சூடாக வேண்டும். அதற்கு மேல் அவகாசம் இல்லை. வருடத் தொடக்கத்தில் நல்ல விலை போகும் தரமான தேயிலைக் காலத்தில் இந்த வேலையே வேண்டாம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி மின்னல் இருப்பதால் அப்போதும் வேண்டாம். தீபாவளி லீவில் செய்துவிடலாம் என்று திட்டம் போடுபவர்களுக்கு ஒரு கேள்வி: அன்றைக்கு உதிரி தேவைப்பட்டால் எந்தக் கடை திறந்திருக்கும்?

முதலில் பெட்டரி

பனல் கதவைத் திறந்து சீ.பீ.யூ.வைப் பாருங்கள். எஸ்7-300இல் இரண்டு தலைமுறை உண்டு. பழையது 80 மில்லிமீட்டர் அகலம், முன்பக்கம் பெட்டரிக்கு ஓர் அறை இருக்கும். பிந்தியது பெரும்பாலும் ஒடுக்கமானது, பெட்டரி கிடையாது, புரோகிராம் ஒரு சின்ன எம்.எம்.சி. கார்டில் இருக்கும்.

பழைய வகையில்தான் ஆபத்து. அதில் புரோகிராம் சாதாரண மெமரியில் கிடக்கிறது. கரண்ட் இல்லாத நேரத்தில் அதைத் தாங்குவது பெரும்பாலும் 3.6 வோல்ட் லித்தியம் பெட்டரி ஒன்றுதான். 'பெட்எஃப்' என்று எழுதிய சிவப்பு விளக்கு எரிந்தால் பெட்டரி செத்துவிட்டது அல்லது இல்லவே இல்லை என்று அர்த்தம். கரண்ட் இருக்கும்வரை ஒரு குறையும் தெரியாது, ட்ரையர் பாட்டுக்கு ஓடும். அதனால் வருடக்கணக்கில் அந்த விளக்கை யாரும் பொருட்படுத்துவதில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததே, அந்த நாட்களில் ஜெனரேட்டரும் யூ.பீ.எஸ்.ஸும் கைவிட்ட பனல்களில் செத்த பெட்டரியோடு இருந்த புரோகிராம்கள் அநேகமாகத் தப்பியிருக்காது.

இந்த பெட்டரியைக் கரண்ட் இருக்கும்போதே மாற்ற வேண்டும். பாதுகாப்பு என்று நினைத்து பிரேக்கரை இறக்கிவிட்டு மாற்றுபவர் புரோகிராமைத் தன் கையாலேயே அழிக்கிறார். மாற்றிய திகதியை மார்க்கர் பேனாவால் பெட்டரியிலேயே எழுதுங்கள். வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அமெரிக்க அலன்-பிராட்லி எஸ்.எல்.சி. 500, பீ.எல்.சி.-5 வைத்திருப்பவர்களுக்கும் இதே விதிதான். அங்கே விளக்கின் பெயர் 'பெட்'.

எம்.எம்.சி. வகை வைத்திருப்பவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விடலாம், ஆனால் ஒன்று: அந்தக் கார்டைக் கழற்றி லெப்டொப்பின் கார்ட் ரீடரில் போட்டுப் பார்க்காதீர்கள். விண்டோஸ் 'ஃபோர்மட் செய்யவா' என்று கேட்கும். யாராவது 'ஆம்' என்று அழுத்தினால் அந்தக் கார்ட் அதோடு சரி, சீ.பீ.யூ. இனி அதை ஏற்காது.

பிறகு பெக்கப்

சீ.பீ.யூ.வின் ஒன்பது பின் போர்ட்டில் யூ.எஸ்.பி. எம்.பீ.ஐ. அடப்டரை மாட்டுங்கள். வேறு யாரும் மாற்றியிருக்காவிட்டால் வேகம் 187.5 கிலோபிட், சீ.பீ.யூ.வின் முகவரி 2, தொடுதிரையின் முகவரி 1, உங்கள் லெப்டொப் 0. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பார்த்தவுடன் அள்ளிக்கொண்டு வரும் மலிவு அடப்டர்களில் மின்தனிமைப்படுத்தல் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லாததை நான் என் லெப்டொப்பில் குத்தவே மாட்டேன்.

இங்கேதான் அடுத்த தடுக்கல். ஸ்டெப் 7இல் புரோகிராம் புளொக்குகளை மட்டும் எடுத்தால் ஹார்ட்வெயார் அமைப்பு முழுதாக வராது. நெட்வேர்க் மொடியூலின் ஐ.பி. முகவரியும் அதன் தொடர்புகளும் அந்த அமைப்பில்தான் இருக்கின்றன. ஆகவே 'அப்லோட் ஸ்டேஷன்' மூலம் ஸ்டேஷன் முழுவதையும் எடுங்கள். எடுத்த பிறகும் பெயர்களும் குறிப்புகளும் இருக்காது, ஏனென்றால் அவை சீ.பீ.யூ.வுக்குள் போவதே இல்லை. எந்த இன்புட் எந்தத் தெர்மோகப்பிள் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும். மூல புரோஜெக்ட் சீ.டி. ஒன்று எங்கோ இருக்கும்: ஒபிஸ் அலுமாரியில், பழைய மெனுவல் கட்டுக்கு நடுவில். அரை நாள் செலவழித்தாவது தேடுங்கள்.

கிடைத்த சந்தோஷத்தில் அதை அப்படியே பீ.எல்.சி.க்குள் இறக்கிவிடாதீர்கள். பத்துப் பதினைந்து வருடமாக டீமேக்கர்கள் தொடுதிரையில் திருத்தித் திருத்திக் கண்டுபிடித்த ட்ரையர் வெப்பநிலை, ஃபேன் வேகம், நேர அளவுகள் எல்லாம் டேட்டா புளொக்கில் இருக்கின்றன. சீ.டி.யில் இருப்பதோ முதல் நாள் அளவுகள். இறக்கியவுடன் அவை பழையபடி வந்து உட்காரும், தேயிலை கருகும்வரை யாருக்கும் தெரியாது. தொடுதிரையின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் பிடியுங்கள். ஒவ்வொரு பக்கமும் என்றால் பாஸ்வேர்ட் கேட்கும் பக்கங்களும்தான்.

சீ.பீ.யூ.வே பாஸ்வேர்ட் கேட்டு அப்லோட் செய்ய விடாவிட்டால்? புதுப்பிக்கும் ஆசையைத் தள்ளிவையுங்கள். எம்.எம்.சி. வகையாக இருந்து, அதே இலக்கமுள்ள மொடியூல் கையில் கிடைத்தால் மட்டும் மாற்றுங்கள்.

எந்த மொடியூல்

பெயரைப் பார்த்து வாங்கக்கூடாது. 'சீ.பீ. 343-1' என்ற பெயரில் பல பதிப்புகள் இருக்கின்றன, 'லீன்' என்றொரு குறைந்த வசதி வகையும் உண்டு. முகப்பில் 6ஜீகே7 என்று தொடங்கும் ஓடர் இலக்கத்தைக் கடைசி எழுத்து வரை குறித்துக்கொள்ளுங்கள். பிந்திய பதிப்புகளில் மொடியூலின் அமைப்புத் தகவல் சீ.பீ.யூ.விலேயே சேமிக்கப்படுவதால், அதே இலக்கமுள்ள புது மொடியூலைப் பூட்டினால் லெப்டொப் இல்லாமலே வேலை செய்யும். மிகப் பழைய பதிப்புகளில் இதை நம்பிப் போகாதீர்கள்.

அலன்-பிராட்லி கன்ட்ரோல்லொஜிக்ஸ் வைத்திருப்பவர்களின் 1756-ஈ.என்.பீ.டீ. கார்ட் இப்போது தயாரிப்பில் இல்லை. அதன் இடத்துக்கு வருவது 1756-ஈ.என்.2டீ. புதியதில் மூன்று சுழல் குமிழ்கள் உண்டு, பழையதில் இல்லை. பலர் தடுமாறுவது இங்கேதான். குமிழை 001 முதல் 254 வரை எதில் வைத்தாலும் முகவரி 192.168.1 என்றே தொடங்கும். உங்கள் நெட்வேர்க் வேறு வரிசையில் இருந்தால் 999இல் விட்டு சொஃப்ட்வெயாரால் கொடுங்கள். பாவித்த கார்ட் வாங்கியிருந்தால் முதலில் 888இல் வைத்துக் கரண்ட் கொடுத்து, பழைய ஆளின் அமைப்பை அழித்துவிடுங்கள். புரோஜெக்டில் 'எக்ஸாக்ட் மேட்ச்' என்று இருந்தால் புதுக் கார்டை அது ஏற்காது, முன்கூட்டியே மாற்றுங்கள். ஓடும்போதே கழற்றிப் பூட்டலாம் என்று இந்தக் கார்டின் மெனுவல் சொல்லும். ஈரமும் தேயிலைத் தூசியும் உள்ள ட்ரையர் ரூமில் வேண்டாம் என்பது என் சட்டம்.

கழற்றிப் பூட்டுதல்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விடியலில் வேனில் குளிர்ந்துபோய்க் கிடந்த மொடியூலை நேரே ட்ரையர் ரூமுக்குள் கொண்டுபோய்ப் பெட்டியைப் பிரித்தால் போர்டில் நீர் கோத்துக்கொள்ளும். பெட்டியைத் திறக்காமல் பனலுக்குப் பக்கத்தில் ஓரிரு மணித்தியாலம் வைத்திருங்கள். தூசியை வெக்குயூமால் உறிஞ்சுங்கள். கொம்பிரசர் காற்றில் தண்ணீர் இருக்கும்.

மற்றது எளிது. பிரேக்கரை இறக்கிப் பூட்டு போடுங்கள், ஸ்க்ரூவைத் தளர்த்தி மொடியூலைத் தூக்குங்கள். முதுகிலுள்ள யூ வடிவ பஸ் கனெக்டரைப் பழையதிலிருந்து எடுத்துப் புதியதில் போடுங்கள். 24 வோல்ட் வயரைக் கொடுங்கள்.

முகவரி பழையதாகவே இருக்கட்டும். ஒபிஸ் கொம்பியூட்டர் தேடுவது அதைத்தான். ஆனால் புது மொடியூலின் மெக் முகவரி வேறு. கொம்பியூட்டரும் சுவிட்சும் கொஞ்ச நேரம் பழையதையே ஞாபகம் வைத்திருக்கும். 'வேலை செய்யவில்லை' என்று மறுபடி கழற்றும் முன் இரண்டையும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இணைப்பு வந்தும் மந்தமாக இருந்தால் ஒரு பக்கம் வேகத்தை நிரந்தரமாகக் குறித்து, மறுபக்கம் ஓட்டோவில் விட்டிருப்பார்கள். இரண்டையும் ஓட்டோவில் வையுங்கள்.

ஈதர்நெட்டே இல்லாத பனல் என்றால்

கொழும்பு ஒபிஸுக்கு ட்ரையர் வெப்பநிலை தெரிய வேண்டும் என்பதுதான் பெரும்பாலும் கேட்கப்படுவது. அதற்கு ரெக்கில் புது மொடியூல் சேர்த்து அமைப்பை மாற்றத் தேவையில்லை. எம்.பீ.ஐ. போர்ட்டில் நேரே குத்தும் ஈதர்நெட் அடப்டர் போதும், புரோகிராமில் கை வைக்கவே வேண்டாம். தொடுதிரைக் கேபிளை அதன் முதுகில் குத்தக்கூடிய வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஊதா கேபிளின் பிளக்கில் உள்ள சிறிய டெர்மினேஷன் சுவிட்ச் இரு முனைகளிலும் மட்டும் ஓனில் இருக்க வேண்டும். நடுவில் ஒன்று ஓனில் இருந்தால் அதற்கு அப்பால் உள்ளவை காணாமல் போகும்.

ஸ்டோரிலிருந்து ஒபிஸுக்கு வெளியே செம்புக் கேபிள் இழுக்காதீர்கள். 100 மீட்டர் எல்லையைத் தாண்டும் என்பது ஒரு காரணம். ஏப்ரல் மின்னல் அந்தக் கேபிள் வழியாகவே புது மொடியூலைத் தேடி வரும் என்பது பெரிய காரணம். ஃபைபர் போடுங்கள். சேர்ஜ் புரொடெக்டர் போட்டால் போதாதா என்று கேட்பவர்களோடு நான் வாதாடுவதை விட்டுவிட்டேன்.

ஒபிஸ் வைஃபை ரூட்டரிலும் பீ.எல்.சி.யை நேரே செருகக்கூடாது. எஸ்7-300 பேசும் 102ஆம் போர்ட்டுக்கு எட்டக்கூடிய யாரும் அதை நிறுத்திவிடலாம். நடுவில் ஃபயர்வோல், வெளியிலிருந்து வர வீ.பீ.என். இரண்டும் இல்லாமல் இணைப்புக் கொடுக்காதீர்கள். 2010இல் அகப்பட்ட ஸ்டக்ஸ்நெட் வைரஸ் குறிவைத்தவற்றில் இதே குடும்பத்து எஸ்7-315 சீ.பீ.யூ.வும் உண்டு. அது பரவிய வழிகளில் ஒன்று யூ.எஸ்.பி. பென் டிரைவ். பெக்கப் எடுக்க வருபவரின் பென் டிரைவ் அதற்கு முன் எங்கெல்லாம் போய்வந்தது என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சோதனை

சீ.பீ.யூ.விலோ மொடியூலிலோ 'எஸ்எஃப்' சிவப்பாக எரிந்தால் ஊகிக்காமல் டயக்னொஸ்டிக் பஃபரைப் படியுங்கள். அமைப்பில் எழுதிய மொடியூலும் பூட்டிய மொடியூலும் வேறு என்றால் அங்கே எழுதியிருக்கும். தொடுதிரை அளவுகளைப் போன் படங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ட்ரையரை வெறுமனே சூடாக்கி, தொடுதிரை காட்டும் வெப்பநிலையைத் தெர்மோமீட்டரோடு சரிபாருங்கள்.

பிறகு, எல்லாம் நன்றாக ஓடும்போதே, வேண்டுமென்றே மெயின் பிரேக்கரை இறக்கிப் பத்து நிமிடம் விட்டு ஏற்றுங்கள். ஒபிஸ் கொம்பியூட்டர் வரை எல்லாம் தானாக எழும்பி வருகிறதா என்று பாருங்கள். நீங்கள் செய்யாவிட்டால் மின்வெட்டு செய்யும், அதுவும் ட்ரையர் நிறையத் தேயிலை இருக்கும்போது.

கடைசியாகப் பனல் கதவின் உட்புறம் ஒரு ஸ்டிக்கர்: மாற்றிய திகதி, ஓடர் இலக்கம், ஐ.பி. முகவரி, பெட்டரி போட்ட திகதி, பெக்கப் இருக்கும் இரண்டு இடங்கள். இரண்டில் ஒன்று உங்கள் லெப்டொப்பாக இருக்கலாம். மற்றது தோட்டத்திலேயே இருக்க வேண்டும். பாஸ்வேர்ட்டை ஸ்டிக்கரில் எழுதாதீர்கள், உறையில் போட்டு மனேஜரிடம் கொடுங்கள்.