சிதைந்த ஏடும் சிதைந்த எலும்பும்

மாணவர்களே! செல்லரித்த ஏட்டில் எஞ்சிய எழுத்துகளைக் கொண்டு செய்யுளின் வடிவை உணர்தல் புலவர் பணி. மண்ணில் எஞ்சிய எலும்புகளைக் கொண்டு மறைந்த விலங்கின் உருவை உணர்தல் தொல்லுயிர் நூலார் பணி.

எகிப்து நாட்டுப் பாலைநிலத்தில் 1912-இல் கிடைத்த எலும்புகள் சிலவற்றை ஆராய்ந்த செருமானிய அறிஞர் ஸ்ட்ரோமர், அவ்விலங்கிற்கு 1915-இல் ஸ்பைனோசாரஸ் எனப் பெயரிட்டார். அதன் தாடையும் கூம்பிய பற்களும் முதலையினவற்றை ஒத்திருத்தலின், அது மீனுண்டு வாழ்ந்த டைனோசார் எனப் பின்வந்தோர் துணிந்தனர். 1944-இல் மியூனிக் நகர அருங்காட்சியகத்தின்மேல் போர்க்குண்டு வீழ, அவ்வெலும்புகள் அழிந்தன. படங்களும் குறிப்புகளுமே எஞ்சின. பிற்காலத்தில் கிடைத்த எலும்புகளை அவற்றோடு ஒப்பிட்டே அறிஞர் அதன் உருவை மேலும் தெளிந்தனர்.

நம் அரியலூர்ப் பகுதியிலுள்ள கல்லமேட்டிலும் இத்தகையதொன்று நிகழ்ந்தது. ஆங்குக் கிடைத்த சில எலும்புகளை ஆராய்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் 1987-இல் அவ்விலங்கிற்குப் பிருகத்காயோசாரஸ் எனப் பெயரிட்டனர். பேருடற் பல்லி என்பது அதன் பொருள். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம் என அவர்கள் குறித்தனர். முதலில் ஊனுண்ணி எனக் கருதப்பட்ட அது, பின்னர்த் தழையுண்ணும் நெடுங்கழுத்து விலங்கென உணரப்பட்டது. எலும்புகளோ பொடிந்துபோயின, படங்களும் அளவுகளும் நின்றன.

ஆதலின், கண்டதைக் கண்டவாறே குறித்து வைத்தல் வேண்டும். பொருள் அழியினும் குறிப்பு நிற்கும். முன்னோர் துணிபில் பிழையிருப்பின், அக்குறிப்பே அதனைத் திருத்தத் துணைசெய்யும்.