காற்றில் வேர்விடும் நீலமலர்

நுழையும்முன்

மண்ணில் வேரூன்றாமலும் ஒரு செடி வாழும். அதற்கு ஒரு மரக்கிளையும் ஈரக்காற்றும் கண்ணுக்குத் தெரியாத ஒரு துணையும் வேண்டும். அத்துணையை இழந்த செடியை மனிதர் விதையிலிருந்து வளர்த்தெடுக்கும் முறையை இப்பாடத்தில் அறிவோம்.

பாடம்

மேகாலய மாநிலத்தின் காசி மலைகளில், மழைக்காலம் விடைபெற்ற பின்னர், மரக்கிளைகளில் நீலநிறப் பூங்கொத்துகள் மலரும். இதழ்களில் கட்டம் கட்டமாகக் கோடுகள் ஓடும். 'நீல வாண்டா' என்னும் ஆர்க்கிட் மலர் இதுவே.

மரத்தின்மேல் வளர்வதால் இதனைத் தொற்றுத் தாவரம் என்பர். இது புல்லுருவி அன்று. புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும். நீல வாண்டாவோ மரத்திடம் இடம் மட்டுமே பெறும். உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும். அதன் வேர்களை 'வெலாமன்' என்னும் பஞ்சு போன்ற உறை போர்த்தியிருக்கும். அது மழைநீரை விரைந்து உறிஞ்சும்.

அழகே இச்செடிக்குப் பகையாயிற்று. 1850ஆம் ஆண்டு ஜோசப் டால்டன் ஹூக்கர் என்னும் தாவரவியல் அறிஞர், இங்கிலாந்தின் கியூ தோட்டத்திற்காக இம்மலைகளில் ஏழு ஆட்சுமை அளவு நீல வாண்டாவைச் சேகரித்தார். அவற்றுள் மிகச் சிலவே உயிருடன் சென்று சேர்ந்தன. பின்னர் வணிகத்திற்காகப் பறித்தோரும் பலர். காடழிப்பும் சேர்ந்துகொள்ள, மலர் அரிதாயிற்று. இன்று வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இதனைக் காட்டிலிருந்து பறிப்பதைத் தடுக்கிறது.

ஒரு காயில் பல்லாயிரம் விதைகள் இருந்தும் இச்செடி ஏன் பெருகவில்லை? அவரை விதையைப் பிளந்து பாருங்கள். இளஞ்செடிக்கு வேண்டிய உணவு அதனுள் நிறைந்திருக்கும். தூசி போன்ற ஆர்க்கிட் விதையில் அத்தகைய உணவுச் சேமிப்பு இல்லை. தக்க பூஞ்சை உள்நுழைந்து ஊட்டினால்தான் காட்டில் அது முளைத்து வளரும். 1899இல் பிரெஞ்சு அறிஞர் நோயல் பெர்னார் இவ்வுண்மையைக் கண்டறிந்தார். பூஞ்சை தருவதை நாமே தந்தால் என்ன? சர்க்கரையும் தாது உப்புகளும் கலந்த அகார் கூழில், பூஞ்சையின்றியே விதைகளை முளைக்கச் செய்யலாம் என்று 1922இல் அமெரிக்க அறிஞர் லூயிஸ் நட்சன் காட்டினார்.

இன்றும் அவ்வழியே பின்பற்றப்படுகிறது. கையால் மகரந்தம் சேர்த்து, காய் வெடிக்குமுன் பறித்து, அதன் புறத்தோலைக் கிருமி நீக்குவர். பின்பு தூய காற்று வீசும் பெட்டிக்குள் காயை அறுத்து, விதைகளைக் குடுவைக்குள் தூவுவர். ஏன் இத்தனை தூய்மை? சர்க்கரைக் கூழ் பூசணத்திற்கும் விருந்தன்றோ! ஒரு துளி மாசு புகுந்தாலும் குடுவை முழுவதும் பாழாகும்.

சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் பச்சை மணிகள் போன்ற சிற்றுருண்டைகள் தோன்றும். அவை இலையும் வேரும் விட்டபின் பசுமைக்குடிலுக்கு வரும். குடுவையின் ஈரத்தில் வளர்ந்த மென்மையான செடி, வெளிக்காற்றில் விரைவில் வாடும். எனவே நிழல்வலையின் கீழ், ஈரக்காற்றில் வைத்து, ஒளியைச் சிறிது சிறிதாகக் கூட்டுவர். மரக்கூடையில் கரித்துண்டும் தேங்காய்மட்டைத் துண்டும் இட்டு வளர்ப்பர். முதல் மலரைக் காணப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

ஒரே செடியின் திசுவிலிருந்து வளர்ப்பவை பெரும்பாலும் ஒரே அச்சாக அமையும். விதையில் பிறந்தவையோ உடன்பிறந்தோரைப் போலத் தம்முள் வேறுபடும். ஒரு நோய் வரின், சிலவேனும் தாங்கி நிற்கக்கூடும். ஆதலால் காட்டிற்குத் திரும்பவேண்டிய செடியை விதையிலிருந்து வளர்ப்பது சிறப்பு. அதனைக் கிளையில் கட்டிவிட்டால், வேர்கள் மெல்லப் பட்டையைப் பற்றிக்கொள்ளும். ஆனால் அக்கிளையைத் தாங்கும் மரத்தைக் குடுவையில் வளர்க்க முடியாது. காட்டைக் காப்பதே முதற்பணி.

சொற்பொருள்

ஆட்சுமை – ஓர் ஆள் சுமக்கும் அளவு
பூசணம் – பூஞ்சைப் படிவு
மாசு – அழுக்கு

பயிற்சி

1. பிரித்து எழுதுக: மரக்கிளை, இளஞ்செடி, பசுமைக்குடில்.
2. புல்லுருவிக்கும் தொற்றுத் தாவரத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?
3. ஆர்க்கிட் விதைக்குப் பூஞ்சை ஏன் தேவைப்படுகிறது?
4. உங்கள் வீட்டார் ஊரிலிருந்து கொண்டுவந்து வளர்க்கும் செடி எது? அது இங்கு வேர்பிடித்த கதையைப் பெரியோரிடம் கேட்டு, ஐந்து தொடர்களில் எழுதுக.